முட்டைப் பெட்டிக்கு ஒரு திரைச்சீலை

பெட்டைக்கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடி வருகிறது. போய்ப் பார்த்தால் பெட்டியில் முட்டை இல்லை. சில நாட்களில் உடைந்த ஓடும் நனைந்த புல்லும் மாத்திரம் கிடக்கின்றன. மண்சரிவாலோ வெள்ளத்தாலோ வீட்டை இழந்து, புதிய இடத்தில் நாலைந்து கோழிகளோடு மறுபடியும் தொடங்கிய தாய்மார் பலரின் முறைப்பாடு இது. தீன் போடுவது தாங்கள், முட்டை தின்பது காகம் என்று அவர்கள் சொல்லும்போது பதில் சொல்லத் தெரியாமல் நாமும் நின்றிருக்கிறோம். இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. இரண்டு சாண் பழந்துணியும் ஊசி நூலும் போதும்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். கலவான பிரதேசத்தில் 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் நாட்டின் பல மாவட்டங்களில் இன்னும் பல குடும்பங்களை வீதிக்குக் கொண்டுவந்தது. பழைய இடத்தில், லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் இருந்தது, வேலி இருந்தது, வாழையடியும் மானாப்புல் புதரும் இருந்தன. கோழி தனக்குப் பிடித்த மறைவைத் தானே தேடிக்கொண்டது. முட்டையைத் தேடி எடுப்பது பிள்ளைகளின் வேலை. புதிய வீட்டுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஏழு பேர்ச், கூடிப்போனால் பத்து. அதுவும் இயந்திரம் வைத்துச் சமப்படுத்திய வெறும் செம்மண். ஒரு செடி எழும்ப இரண்டு வருடமாவது போகும். அதுவரை கோழி எங்கே ஒளியும்?

கோழி ஒளிய விரும்புவது குறும்பல்ல, அது அதன் பிறப்புக் குணம். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் வாழ்கிறவர்களுக்குக் காட்டுக்கோழியைத் தெரியும். நமது நாட்டின் தேசியப் பறவை அது. நாம் வளர்க்கும் கோழியின் மூதாதை அதனுடைய உறவான சிவப்புக் காட்டுக்கோழி. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் காடுகளில் வாழ்வது. அதுவும் நிலத்தில், புதர் மறைவில் முட்டையிடும் இனமே. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்தும், முட்டையிடும் வேளையில் கோழி இருட்டையும் ஒதுக்கிடத்தையும் தேடுவதை விடவில்லை. வெள்ளக் காலத்தில் பாடசாலை மண்டபங்களில் தங்கியவர்கள் முதற் காரியமாகச் சீலையைக் குறுக்கே கட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

திறந்த பெட்டியில் நடப்பது இன்னொன்றும் உண்டு. முட்டை வெளிவரும்போது கோழியின் பின்புறச் சிவந்த சதை சற்று நேரம் வெளியே தெரியும். வெளிச்சத்தில் அதைக் கண்ட மற்றக் கோழிகள் கொத்தும். இரத்தம் கண்டால் கூட்டமாகக் கொத்தும். கோழி சாவதும் உண்டு. அதுபோல, வெளிச்சத்தில் கிடக்கும் முட்டையை ஒரு கோழி கொத்தி ருசி கண்டுவிட்டால் அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகக் கடினம். மற்றவையும் பார்த்துப் பழகும். திரை போட்ட பெட்டிக்குள் மங்கலாக இருப்பதால் கொத்தல் குறைகிறது. காகத்துக்கும் முட்டை கண்ணில் படாது.

ஒரு முட்டைதானே என்று நினைக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கோழித்தீன் கிடைக்காமல் பண்ணைகள் மூடப்பட்டன. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது. அந்த நாட்களில் கொல்லைப்புறத்து நாட்டுக்கோழிதான் பல வீடுகளில் பிள்ளைகளின் தட்டில் முட்டை வைத்தது. மிஞ்சியதை விற்ற காசு தாயின் முந்தானையில் இருந்தது. கொழுந்துச் சம்பளம் போல அது வேறு எவர் கைக்கும் போவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். கடைகளில் வீசும் பலகைப் பெட்டி போதும். அகலம் ஓரடி, ஆழம் ஓரடி, உயரம் பதினான்கு அங்குலம் இருந்தால் சரி. முன்பக்கம் கீழே நாலு அங்குலப் பலகை ஒன்றை அடித்தால் முட்டை உருண்டு விழாது. நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கூட்டின் இருண்ட மூலையில் வையுங்கள். இரவில் கோழி அடையும் கம்பு இதைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிட்டு அசுத்தப்படுத்தும். உள்ளே காய்ந்த மானாப்புல்லை நறுக்கி மூன்று விரல் உயரத்துக்குப் பரப்புங்கள்.

மேலே மிஞ்சும் வாசலுக்குத்தான் திரை. ஓரடி அகலம், பத்து அங்குல உயரம். பழைய சாரம், கிழிந்த பாடசாலைச் சீருடை, சீத்தைத் துணி எதுவும் ஆகலாம். நிறம் கறுத்ததாக இருந்தால் நல்லது. பருத்தி மிக நல்லது. பதினாறு அங்குல அகலமும் பதின்மூன்று அங்குல நீளமும் வெட்டிக்கொள்ளுங்கள். நாலு ஓரத்தையும் இரண்டு மடிப்பாக மடித்துத் தையுங்கள். மேல் ஓரத்தை மட்டும் சற்று அகலமாக மடித்துக் கயிறு நுழைய இடம் விடுங்கள். பின் நடுவில், கீழிருந்து மேலாக, மேலே மூன்று அங்குலம் விட்டுக் கத்தரித்து, அந்த இரு ஓரங்களையும் மடித்துத் தையுங்கள். கோழி தலையால் தள்ளி நுழைவதற்கு இந்தப் பிளவு. கயிற்றைக் கோர்த்து இரண்டு ஆணியில் கட்டுங்கள். துணியைப் பலகையோடு சேர்த்து ஆணி அடித்துவிட வேண்டாம், கழுவ முடியாது.

ஓரம் தைக்கச் சொல்வது அழகுக்காக அல்ல. எமது முதல் முயற்சியில் அவசரத்துக்குத் துணியைக் கிழித்து அப்படியே தொங்கவிட்டோம். ஒரு கோழி தொங்கிய நூலை இழுத்து விழுங்கிவிட்டது. நூல் இரைப்பையில் சிக்கி, தீன் இறங்காமல், நாலாம் நாள் செத்தது. அந்தக் குற்றம் முழுவதும் எம்முடையது. இதே காரணத்தால் உரப்பையின் பிளாஸ்டிக் நெசவையும் பாவிக்க வேண்டாம். அதன் இழை பிரிந்துகொண்டே இருக்கும், காலிலும் சுற்றும்.

இரண்டாம் பிழை, முதல் நாளே திரையை முழுவதும் மூடியது. கோழிகள் பயந்து வெளியே முட்டையிட்டன. ஒரு பாதியை ஊசியால் மேலே தூக்கிக் குத்தி வைத்து, உள்ளே வெள்ளைக் கூழாங்கல் ஒன்றையும் வைத்த பிறகுதான் நுழைந்தன. ஒரு கிழமை கழிந்ததும் ஊசியைக் கழற்றிவிடலாம். கோழிகள் பெரும்பாலும் காலையிலேயே முட்டையிடுவதால், பத்து மணிக்கு ஒரு தடவையும் பின்னேரம் ஒரு தடவையும் எடுத்துவிடுங்கள்.

கலவானவின் ஈரம் துணிக்கு எதிரி. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு திரை தைத்து, கிழமைக்கொரு முறை மாற்றிக் கொதிநீரில் அலசுங்கள். வெயில் இல்லாவிட்டால் அடுப்புக்கு மேல் கட்டிக் காயவிடுங்கள். பகலில் துணி மடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும் சிவந்த செள்ளுப் பூச்சி உண்டு. கழற்றும்போது மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சலித்த விறகுச் சாம்பலைப் பலகை இடுக்குகளில் தூவுவது பழைய முறை, இன்றும் பலன் தரும்.

இருட்டு கூடினால் அடைகாக்கும் எண்ணமும் கோழிக்குக் கூடும். குஞ்சு வேண்டுமானால் அந்தக் கோழியைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, இருபத்தொரு நாள் தொந்தரவின்றி விடுங்கள். எருசலேமை நினைத்து வருந்தியபோது ஆண்டவர் தம்மை ஒப்பிட்டது இப்படிச் சிறகு விரித்த கோழிக்குத்தான். குஞ்சு வேண்டாமென்றால் முட்டையை உடனுக்குடன் எடுத்து, கோழியை அடியில் காற்றோட்டமுள்ள கூட்டில் மூன்று நாலு நாள் வைத்தால் அடை தெளியும்.

திரை எல்லாவற்றையும் தீர்க்காது. உடும்பும் பாம்பும் கீரியும் மணத்தைத் தேடி வருபவை, அவற்றுக்குக் கம்பி வலையும் இறுகிய கதவுமே தடை. முட்டை ஓடு மெல்லியதாக இருந்தால் திரைக்குள்ளும் உடையும். வீட்டு முட்டை ஓடுகளை வறுத்து, ஓடென்று தெரியாதபடி தூளாக்கித் தீனோடு கலந்து கொடுங்கள். கிடைத்தால் சிப்பித் தூளும் நல்லது.

கடைசியாக ஒன்று. கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் பழைய படங்கைத் திரையாக்கலாமா என்று கேட்கிறார்கள். தேயிலைக்கு மருந்தடித்த நாட்களில் கட்டியதாக இருந்தால் வேண்டாம். கழுவினாலும் நஞ்சு முழுவதும் போகாது, கோழி அதைக் கொத்தும்.