இழுக்கும் சக்தி வேறு, தாங்கும் சக்தி வேறு

நம் சங்க அன்பர்களில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நாமும் சில மாதங்கள் அங்கே போய் இருந்துவிட்டு வருகிறோம். அங்கே பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு மலைக்கும் ஏரிக்கும் போவது சகஜம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அந்த டிரெய்லருக்குள்ளேயே இருக்கும்.

2023-ல் கலிபோர்னியாவிலுள்ள என் மகனுக்கும் அந்த ஆசை வந்தது. அவனிடமிருந்த பிக்கப் 4,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம். பார்த்து வைத்திருந்த டிரெய்லரின் காலி எடை 2,800 கிலோ. "போதுமாப்பா?" என்று கேட்டான். ரயில்வேயில் வண்டிகளோடு காலம் தள்ளியவன் என்ற தைரியத்தில், "தாராளமா இழுக்கும்" என்று சொல்லிவிட்டேன். அது தவறு. எங்கே தவறினேன் என்று சொல்வதே இக்கட்டுரை.

ரயிலில் ஒவ்வொரு பெட்டியும் தன் பாரத்தைத் தன் சக்கரங்களிலேயே சுமக்கிறது. கப்ளிங் இழுவையை மட்டும் தாங்கினால் போதும். டிரெய்லர் அப்படியல்ல. அதன் சக்கரங்கள் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், அதன் மூக்கு பிக்கப்பின் கொக்கியை அழுத்தும். இந்த அழுத்தம் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வால் கனத்து, வேகத்தில் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும்; பிக்கப்பையும் சேர்த்துக் கவிழ்த்துவிடலாம். ஆகவே அழுத்தத்தைக் குறைத்துத் தப்பிக்க வழியில்லை.

இனி, பிக்கப் எவ்வளவு சுமக்கலாம்? அதற்கு விளம்பரத்தைப் பார்க்கக் கூடாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கே உரியது. மகன் வண்டியில் 680 கிலோ.

இப்போது கணக்கு. டிரெய்லரைக் காலி எடையில் யாரும் இழுப்பதில்லை. 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 150 கிலோ. காஸ் சிலிண்டர், பாட்டரி, பாத்திரம், படுக்கை, மளிகை எல்லாம் ஏறும். ஆகவே டிரெய்லருக்கு அனுமதித்த உச்ச எடையான 3,450 கிலோவையே எடுத்துக்கொண்டேன். அதில் 13 சதவீதம் சுமார் 450 கிலோ. கொக்கிச் சாதனம் 45. மகன், மருமகள், பேரன், நாங்கள் இருவர் ஆக ஐந்து பேர் 310. பின்தட்டில் சாமான் 40. கூட்டினால் 845 கிலோ. தாங்கும் அளவைவிட 165 கிலோ அதிகம்! இழுக்கும் அளவு இன்னும் ஆயிரம் கிலோ மிச்சமிருக்கும்போதே, தாங்கும் அளவு தீர்ந்துவிட்டது.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். 680-ல் ஆட்கள், சாமான், கொக்கிச் சாதனம் ஆகிய 395 போனால் மீதி 285. அது 13 சதவீதமானால், நிரப்பிய டிரெய்லர் சுமார் 2,200 கிலோதான் இருக்கலாம். விளம்பரத்தில் பாதி!

விளம்பர எண் பொய்யல்ல. அரிசோனாவில் டேவிஸ் அணை அருகேயுள்ள மலையேற்றத்தை அடிப்படையாகக் கொண்ட பொதுச் சோதனை விதி ஒன்று அங்கே உண்டு. ஆனால் அதில் வண்டிக்குள் இரண்டே பேர், தலைக்கு 68 கிலோ என்பது கணக்கு. நம் குடும்பம் அதில் அடங்காது.

"பாரத்தைப் பகிரும் கொக்கி போட்டால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொல்லக்கூடும். அது பின் அச்சின் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் மாற்றும், நல்ல சாதனம்தான். ஆனால் கதவுச் சீட்டிலுள்ள எண்ணை அது உயர்த்தாது. கொக்கிக்கும் டயருக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. எது முதலில் தீர்கிறதோ அதுவே உங்கள் வரம்பு.

ஏற்றத்தில் சக்தி போதாவிட்டால் வேகம் குறையும், அவ்வளவுதான். கர்ஜத்தில் லோனாவ்ளா ஏற்றத்துக்குப் பின்னால் பேங்கர் இன்ஜின் மாட்டுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான். டிரெய்லருக்குத் தனி மின் பிரேக்கும், ஓட்டுநர் கையருகே அதன் கட்டுப்பாடும் வேண்டும். ரயில் இரண்டாகப் பிரிந்தால் காற்றுக் குழாய் விட்டுப்போய் பிரேக் தானே பிடிக்கும் அல்லவா? அதுபோல டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கும் கம்பியும் உண்டு. அதை மாட்ட மறக்கக் கூடாது. இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்க வேண்டும். டிரெய்லர் ஆடினால் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாகப் பிடிக்க வேண்டும். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டப்படி மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம்.

மகனிடம் என் தவறை ஒப்புக்கொண்டேன். பெரிய டிரெய்லரை விட்டுவிட்டு, நிரப்பினாலும் 2,100 கிலோவைத் தாண்டாத ஒன்றை வாங்கினான். முதல் பயணத்துக்கு முன், லாரிகள் எடை போடும் மேடையில் எல்லோரும் உட்கார்ந்தபடியே நிறுத்துப் பார்த்தோம். எல்லா அச்சும் வரம்புக்குள் இருந்தது. கட்டில் கொஞ்சம் குறுகல்தான். ஆனால் மலையிறக்கத்தில் பேரன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தான்.

உங்கள் பிள்ளைகள் இப்படி ஒரு வண்டியைப் பற்றிப் பேசினால், எவ்வளவு இழுக்கும் என்று கேட்காதீர்கள். கதவுச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள்.