வில்லெடுக்கும் முன் விதியறிவோம்

ஒக்டோபர் பிறந்தால் ஒன்ராறியோவின் பல பகுதிகளில் வில் கொண்டு மான் வேட்டையாடும் பருவம் தொடங்கிவிடும். வேலைத்தல நண்பர்களுடன் வில்லேந்திச் செல்ல எம்மவர் சிலரும் ஆவல் கொண்டுள்ளனர். ஆவல் நன்று, ஆயினும் வில்லை விளையாட்டுப் பொருளென எண்ணலாகாது.

இம்மாகாண வனவிலங்குச் சட்டம் வில்லையும் சுடுகலன்களுடன் சேர்த்தே கணிக்கின்றது. துப்பாக்கிக்கான மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் வில்லுக்குத் தேவையில்லை. எனினும் வேட்டைப் பயிற்சி நெறியில் சித்தியடைந்து, 'அவுட்டோர்ஸ் கார்ட்' எனும் அட்டையும் மானுக்குரிய அனுமதியும் பெறல் வேண்டும். தனியார் காணியெனின் உரிமையாளரின் சம்மதமும் அவசியம். மானுக்குரிய வில் 700 மில்லிமீற்றருக்கு மேற்படாத இழுப்பிலேயே குறைந்தது 18 கிலோ இழுவிசை கொண்டிருத்தல் வேண்டும்.

அம்பு, குண்டைப்போல் அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. குருதிக்குழாய்களை அறுத்தே கொல்கின்றது. ஆகவே அண்மையில் நின்று நெஞ்சறையைக் குறிவைத்தல் வேண்டும். எய்தவுடன் துரத்தாது, சற்றுப் பொறுத்து இரத்தத் தடத்தைத் தொடர்தல் முறை. குறியில் ஐயமெனின் அம்பை விடாதிருப்பதே தேர்ச்சி.

வில் விற்போர், வழிகாட்டிகள், விடுதிகள் என வேட்டையைச் சூழப் பெரும் வணிகம் நடைபெறுகின்றது. ஆனால் வேட்டையாடிய காட்டுமானின் இறைச்சி அவ்வணிகத்தில் அடங்காது. அயலவருடன் பகிர்ந்துண்ணலாம், விற்பதும் வாங்குவதும் குற்றம்.

வன்னியில் வேட்டை இறைச்சியை விலைக்கு வாங்கி உண்ட நினைவு எம்மிற் பலருக்குண்டு. அவ்வழக்கத்தை இங்கு தொடரின் வாங்கியவரும் நீதிமன்றம் ஏற நேரலாம். மலிவாகத் தருவதாக எவரேனும் விலை கூறின், மறுத்து விலகுவோம். முறைப்படி கற்று வேட்டையாடி, விலையின்றிப் பகிர்ந்துண்போம்.