மூணாவது செட்டே கிடையாது... ஆனாலும் டென்ஷன் குறையாது! ஏடிபி ஃபைனல்ஸ் இரட்டையர் போட்டி எப்படி நடக்குது? இந்தியாவுக்கு ஏன் கைகூடலை?

விம்பிள்டன், யுஎஸ் ஓபன் எல்லாம் முடிந்த பிறகு, நவம்பரில் டென்னிஸ் உலகம் இத்தாலியின் டுரின் நகரத்துப் பக்கம் திரும்பும். ஆண்டின் கடைசிப் பெரிய போட்டியான ஏடிபி ஃபைனல்ஸ் 2021 முதல் அங்குதான் நடக்கிறது. ஒற்றையர் பிரிவுக்குக் கிடைக்கும் வெளிச்சம் இரட்டையருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் இந்திய ரசிகர்களுக்கு ஒரு பழைய ஏக்கம் இருப்பது இரட்டையர் பிரிவில்தான்.

யாருக்கு இடம் கிடைக்கும்?

மொத்தம் 8 ஜோடிகளுக்கு மட்டுமே அனுமதி. ஆண்டு முழுக்கச் சேர்த்த புள்ளிகளின்படி முதல் 7 ஜோடிகள் நேரடியாக நுழையும். எட்டாவது இடத்தில் ஒரு சலுகை உண்டு. அந்த ஆண்டு கிராண்ட் ஸ்லாம் வென்ற ஜோடி 8 முதல் 20-வது இடத்துக்குள் இருந்தால், அவர்களுக்கே அந்த இடம்.

இதில் ஒரு முக்கியமான விஷயம்: இங்கே பார்ப்பது தனி வீரரின் புள்ளியை அல்ல, ஜோடியின் புள்ளியை. நடுவில் பார்ட்னரை மாற்றினால், புது ஜோடியின் கணக்கு பூஜ்யத்தில் இருந்துதான் தொடங்கும். அதனால்தான் சரிப்பட்டு வராத ஜோடிகள்கூட, 'சரி, நவம்பர் வரை பார்த்துக்கலாம்' என்று சேர்ந்தே ஆடுவதுண்டு.

ஒரு தோல்வியோடு கதை முடியாதா?

முடியாது. மற்ற போட்டிகளில் தோற்றால் அன்றே பெட்டி கட்ட வேண்டியதுதான். இங்கே நாலு நாலு ஜோடிகளாக இரண்டு குரூப். ஒவ்வொரு ஜோடிக்கும் 3 லீக் ஆட்டங்கள். குரூப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள்.

மூன்று ஜோடிகள் தலா 2 வெற்றியோடு நின்றால், செட் சதவீதம் பார்க்கப்படும். அதாவது, இரண்டு ஆட்டம் ஜெயித்த ஜோடியும் வெளியேறலாம். சில நேரம் ஒரே ஒரு வெற்றியோடு அரையிறுதிக்கும் போகலாம். தோற்கிற ஆட்டத்தில் எடுக்கும் ஒரு செட்டுக்கும் மதிப்பு இருப்பது இதனால்தான்.

ரூல்ஸ் என்ன?

• கேமில் 40-40 ஆனால், வழக்கமான 'அட்வான்டேஜ்' இல்லை. அடுத்த ஒரே பாயின்ட் கேமை முடிவு செய்யும்.
• செட் 1-1 என்று இருந்தால் மூன்றாவது செட் கிடையாது. 10 பாயின்ட் டை-பிரேக் மட்டும்தான். அதிலும் 2 பாயின்ட் வித்தியாசம் வேண்டும்.
• லீக் வெற்றி ஒவ்வொன்றுக்கும் 200, அரையிறுதிக்கு 400, ஃபைனலுக்கு 500 புள்ளிகள். ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் கோப்பை வென்றால் மொத்தம் 1,500.

இந்த ஃபார்மட்டில் வித்தியாசம் எவ்வளவு சின்னது என்பதற்கு 2024 ஃபைனலே சாட்சி. ஜெர்மனியின் கெவின் கிராவிட்ஸ் – டிம் புட்ஸ் ஜோடி இரண்டு செட்டையும் டை-பிரேக்கில்தான் எடுத்தது. 2025-ல் பின்லாந்தின் ஹாரி ஹெலியோவாரா, பிரிட்டனின் ஹென்றி பேட்டன் ஜோடி கோப்பையைத் தூக்கியது.

இந்தியாவின் கதை என்ன?

சென்னையில் பிறந்தவர் மகேஷ் பூபதி. சென்னை பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமியில் வளர்ந்தவர் லியாண்டர் பயஸ். 1999-ல் இந்த ஜோடி நான்கு கிராண்ட் ஸ்லாம் ஃபைனலிலும் ஆடி, இரண்டை வென்றது. ஆனால் அதே ஆண்டு, சீசன் இறுதிப் போட்டியின் ஃபைனலில் தோற்றது. 1997-லும் அதே கதைதான்.

அப்போது இரட்டையர் போட்டி ஒற்றையரோடு சேராமல் தனியாக நடந்து வந்தது. 2000-ல் அது பெங்களூருக்கே வந்தது. சொந்த மண், சொந்த ரசிகர்கள், ஃபைனலில் பயஸ் – பூபதி. இந்த முறை விடமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் டொனால்டு ஜான்சன் – பீட் நோர்வல் ஜோடி நேர் செட்களில் வென்றுவிட்டது.

பிறகு வேறு பார்ட்னர்களோடு பயஸ் 2005-லும், பூபதி 2010-லும் ஃபைனல் வந்தார்கள். 2012-ல் பூபதி – ரோகன் போபண்ணா, 2015-ல் போபண்ணா – ஃபுளோரின் மெர்ஜியா. எல்லாமே ரன்னர்-அப். 2023-ல் 43 வயது போபண்ணா, மேத்யூ எப்டனுடன் அரையிறுதி வரை போனார்.

பெண்கள் பிரிவின் சீசன் இறுதிப் போட்டியில் சானியா மிர்சா 2014, 2015 என இரண்டு முறை இரட்டையர் கோப்பை வென்றிருக்கிறார். ஆண்கள் பிரிவில் மட்டும் அந்த இடம் இன்னும் காலி.

கிராண்ட் ஸ்லாம்களை வென்றவர்களுக்கே ஏன் கைகூடலை? ஒரு காரணம் இந்தப் போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. கிராண்ட் ஸ்லாமில் முதல் சுற்றில் சுமாரான ஜோடி எதிரே வரலாம், ஆட்டத்தில் செட்டாக நேரம் கிடைக்கும். இங்கே முதல் நாளே எதிரே நிற்பது டாப் 8-ல் ஒரு ஜோடி. சூடு பிடிப்பதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும்.