சரங்களை இணைக்கும் முறை

இரு சொற்கள் புணருங்கால் நிகழும் திரிபுகளை நம் இலக்கண நூலார் விரித்துரைத்துள்ளனர். 'மரம்' என்பதும் 'வேர்' என்பதும் புணரின், மகரம் கெட்டு 'மரவேர்' என்றாகும். கணிப்பொறியோ இவ்விலக்கணம் அறியாது. கொடுத்த எழுத்துக்களைக் கொடுத்தவாறே அடுத்தடுத்து வைப்பதே அதன் புணர்ச்சி. அவ்வெழுத்து வரிசையை நிரல் எழுதுவோர் 'சரம்' என்பர். எளிதெனத் தோன்றும் இச்செயலிலும் ஓர் இடர் மறைந்துளது. அதனை யாம் பட்டறிந்தவாறே ஈண்டுக் கூறுவோம்.

பழைய நூலொன்றிற்குச் சொல்லடைவு தொகுக்க விரும்பி, ஜாவா மொழியில் ஒரு சிறு நிரல் இயற்றினோம். சில பக்கங்களுக்கு நொடியில் விடை தந்த அந்நிரல், நூல் முழுவதையும் கொடுத்தபோது நெடுநேரம் வாளா கிடந்தது. பொறி பழையதென்று பழித்துப் புதியதொன்று வேண்டி விண்ணப்பம் எழுதவும் முற்பட்டோம். கணிதம் பயிலும் நண்பர் ஒருவர் நிரலை நோக்கி, "குற்றம் பொறியினதன்று, நும்முடையதே" என்றார்.

அஃது எங்ஙனமெனின், ஜாவாவில் ஒரு சரம் அமைந்தபின் மாற்றவொண்ணாதது. நிரலின் பல பகுதிகளும் ஒரே சரத்தை அச்சமின்றிப் பகிர்ந்துகொள்ள இவ்விதி உதவுகின்றது. ஆகவே, இருக்கும் சரத்தோடு ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டின், பொறி நினைவகத்திற் புதியதோர் இடம் பெற்று, பழைய எழுத்துக்கள் அனைத்தையும் அங்கே படியெடுத்து, அதன்பின்னரே புதுச் சொல்லை எழுதும். சுவடியில் ஓரடி சேர்க்கும்போதெல்லாம் முதலேட்டிலிருந்து முழுச் சுவடியையும் திரும்ப எழுதுவான் ஒருவனை இஃது ஒக்கும்.

சொல் ஒன்றற்கு 10 எழுத்தெனக் கொள்வோம். முதற்சொல்லுக்கு 10, இரண்டாவதற்கு 20, மூன்றாவதற்கு 30 என வேலை வளரும். 1,000 சொற்களைக் கோக்க 50,05,000 எழுத்துக்களை எழுதல் வேண்டும். 1,00,000 சொற்களாயின் அத்தொகை 5,000 கோடியைத் தாண்டும். சொற்கள் 100 மடங்கு பெருக, வேலை ஏறக்குறைய 10,000 மடங்கு பெருகுகின்றது. சில பக்கங்களில் மறைந்திருந்த குற்றம் முழு நூலில் வெளிப்பட்டமைக்குக் காரணம் இதுவே.

இதற்குப் பரிகாரம், 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவா 5-ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட ஸ்ட்ரிங்பில்டர் என்னுங் கருவியாம். அது முன்னரே வெற்றிடம் வைத்திருக்கும்; புதுச் சொல் அவ்விடத்தில் நேரே சென்றமரும். இடம் நிரம்பியபோது மட்டும் ஏறக்குறைய இருமடங்கு இடம் பெற்றுப் பழையனவற்றை அங்கே பெயர்க்கும். இடம் இவ்வாறு வளர்தலின், பெயர்த்தெழுதல் அரிதாகவே நிகழும். மேற்கூறிய 1,00,000 சொற்களுக்கும் மொத்த வேலை 40 இலட்சம் எழுத்துக்களைக் கடவாது. பைத்தான் மொழியில் உள்ள ஜாயின் என்னும் முறையோ, சொற்பட்டியலின் மொத்த நீளத்தை முதலிற் கணக்கிட்டு, ஒரே முறை இடம் பெற்று எழுதி முடிக்கும்.

எனினும், இரண்டு மூன்று சரங்களை ஒரே கட்டளையில் இணைக்கக் கூட்டற்குறியே போதும். ஒரு செயல் பன்முறை சுழலும் இடத்திலேயே விழிப்பு வேண்டும்.

நண்பர் திருத்தியவை சில வரிகளே. அதே பழைய பொறி கண்ணிமைப் பொழுதில் சொல்லடைவை முடித்துத் தந்தது. யாம் நாணி விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்தோம். கருவியைக் குறை கூறுமுன் நம் முறையை ஆராய்தல் நன்றென்பதை அன்று கற்றோம்.