மன்னிப்பும் மறுவாய்ப்பும்: 34ஆம் உறுப்புரையை விளங்கிக்கொள்வோம்

மாணவர்களே, வெசாக் தினத்திலும் சுதந்திர தினத்திலும் சிறைக்கைதிகள் விடுவிக்கப்படும் செய்தியைக் கேட்டிருப்பீர்கள். தண்டப்பணம் செலுத்த இயலாமல் சிறை சென்றவர்களும் அவர்களுள் இருப்பர். நீதிமன்றம் விதித்த தண்டனையை இடையில் முடிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? அதற்கு எல்லை உண்டா?

மேன்முறையீடும் மன்னிப்பும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிப் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். தீர்ப்பு சரியானதா என்பதை மேன்முறையீட்டில் நீதிமன்றமே ஆராயும். மன்னிப்போ நிறைவேற்றுத்துறையின் அதிகாரமாகும். குற்றம் நடக்கவில்லை என்பது அதன் பொருளன்று. தண்டனையிலிருந்து விடுவிப்பது மட்டுமே அதன் நோக்கமாகும்.

சனாதிபதியின் அதிகாரங்கள்

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி சனாதிபதி,
1. நிபந்தனையின்றியோ நிபந்தனையுடனோ மன்னிப்பு அளிக்கலாம்.
2. தண்டனை நிறைவேற்றத்தை ஒத்திவைக்கலாம்.
3. கடுமை குறைந்த தண்டனையாக மாற்றலாம்.
4. தண்டனையின் முழுவதையுமோ ஒரு பகுதியையோ நீக்கலாம்.

மரண தண்டனை பெற்றவர் தொடர்பில் தனியான நடைமுறை உண்டு. வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் விதப்புரை ஆகியன இவ்வொழுங்கில் சனாதிபதியைச் சென்றடைதல் வேண்டும். இலங்கையில் 1976இன் பின்னர் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

வாக்குரிமையும் மறுவாய்ப்பும்

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்திற்காக, ஆறு மாதங்களுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், அதனை அனுபவித்து முடித்த பின்னரும் ஏழு ஆண்டுகளுக்கு வாக்காளராக இருக்கத் தகுதியற்றவர் (உறுப்புரை 89). நிபந்தனையற்ற மன்னிப்புக் கிடைத்தால் அன்றிலிருந்தே இத்தகுதியின்மை நீங்கும். எனவே மன்னிப்பு சிறைக்கதவை மட்டுமன்றி, குடிமகனாக மீண்டும் வாழும் வழியையும் திறக்கிறது.

அதிகாரத்தின் எல்லை

2011இல் நிகழ்ந்த கொலை தொடர்பாக முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2016இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2018இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2021இல் சனாதிபதி மன்னிப்பு வழங்கினார். கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் உள்ளிட்டோர் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். 2024 சனவரியில் உயர் நீதிமன்றம் அம்மன்னிப்பு தன்னிச்சையானது எனக் கூறி அதனை வலுவற்றதாக்கியது.

இவ்வழக்கு உணர்த்துவது யாது? மன்னிப்பு சனாதிபதியின் சொந்தக் கொடையன்று. மக்களின் சார்பில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. திருந்தி வாழ விரும்புபவருக்கு அது கிடைத்தல் நன்று. ஆயினும் தக்க காரணமின்றி வழங்கப்படின், பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு அது மற்றுமொரு அநீதியாகிவிடும்.

பயிற்சி வினாக்கள்

1. மேன்முறையீட்டுக்கும் மன்னிப்புக்கும் இடையிலான இரு வேறுபாடுகளைத் தருக.
2. “மன்னிப்பு அதிகாரமும் சட்டத்தின் ஆட்சிக்கு உட்பட்டதே.” உதாரணம் தந்து விளக்குக.