நோய்க்கு ஈடுகொடுக்கும் மூளை

நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்னும் புரதம் படிந்து தேங்குவதும், அணுக்களுக்குள் டௌ என்னும் மற்றொரு புரதம் முடிச்சுகளாகத் திரள்வதும் அல்சைமர் நோயின் அடையாளங்கள் என்றாலும், அவை மிகுந்த மூளையை உடையவர் எல்லோரும் நினைவை இழந்துவிடுவதில்லை. இதனைத் தெளிவாக உணர்த்தியது, டேவிட் ஸ்னோடன் 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய கன்னியர் ஆய்வு. 75 வயதைக் கடந்த 678 கத்தோலிக்கத் துறவியர் அதில் பங்கேற்று, நினைவாற்றல் சோதனைகளுக்கு உட்பட்டதோடு, இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் இசைந்தனர். அவர்களுள் 101 வயதில் மறைந்த சகோதரி மேரி கடைசிச் சோதனைகளிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தார்; அவருடைய மூளையிலோ படிவுகளும் முடிச்சுகளும் நிறைந்திருந்தன.

சேதத்தைத் தாங்கிக்கொண்டு, எஞ்சிய இணைப்புகளைக் கொண்டே செயலாற்றும் இத்திறனை அறிஞர்கள் 'அறிதிறன் சேமிப்பு' என்கின்றனர். அது இளமையிலேயே உருவாகத் தொடங்குகிறது என்று கருதவும் இடமுண்டு. ஏனெனில், அத்துறவியர் ஏறத்தாழ 22 வயதில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் கருத்துச்செறிவு குறைந்திருந்தவர்களிடையே பிற்காலத்தில் அல்சைமர் மிகுதியாகக் காணப்பட்டது.

ஆயினும் இச்சேமிப்பு படித்தவர்களின் தனியுடைமை அன்று. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் முதுமை மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதித்தே தோன்றியது. எழுத்தறியாதவர்களிடமும் இத்தாமதம் காணப்பட்டதுதான் இதில் பெரிதும் போற்றத்தக்கது. சந்தையிலும் வேலையிடத்திலும் நாள்தோறும் இரு மொழிகளில் புழங்குவோரின் உழைப்புக்கு அறிவியல் தந்த மதிப்பு இது. தொடர்பைக் காட்டும் இத்தகைய ஆய்வுகள் காரணத்தை முற்றாக நிறுவுவதில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

சேமிப்புக்கும் எல்லை உண்டு. ஒரே அளவு அல்சைமர் பாதிப்பு இருந்த துறவியருள், இரத்தக்குழாய் அடைபட்டு மூளைத்திசு சிறிதளவு மடிந்திருந்தவர்களே மறதிக்குப் பெரிதும் ஆளாகியிருந்தனர். இரத்தக்குழாய்களைக் காக்க, நடுவயதிலேயே இரத்த அழுத்தத்தை அளந்து கட்டுக்குள் வைப்பது குறுக்கெழுத்துப் புதிர்களைவிட முக்கியமானது என்று கூறுவதற்கு இதுவே அடிப்படை. அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தத்தை 120க்குக் கீழே கொணர முயன்ற பிரிவினரிடம், மறதிநோய்க்கு முந்தைய நிலையான லேசான அறிதிறன் குறைபாடு குறைந்தே காணப்பட்டது.