கணினியின் மேசைத்தளம்: அதன் பயன் யாது?

ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயர், அப்பொருளை நாம் கையாளும் முறையையும் வகுத்துவிடுகின்றது. கணினியை இயக்கியவுடன் முதலிலே தோன்றும் திரையை ஆங்கிலத்தில் 'டெஸ்க்டொப்' என்பர். எழுதுமேசையின் மேற்பரப்பு என்பது அதன் பொருள். ஈண்டு அதனை மேசைத்தளம் என வழங்குவாம். மேசை எனப் பெயர் பெற்ற இவ்விடம், இன்று பலரிடத்துக் கைக்கு வந்தன யாவும் கொட்டிவைக்கும் மூலையறையாக மாறிவிட்டது. இதனை எவ்வாறு பயன்படுத்தல் தகும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

இவ்வுவமை தோன்றிய வரலாற்றை முதற்கண் நோக்குவாம். 1945ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் வன்னேவர் புஷ், நூல்களையும் குறிப்புகளையும் நுண்படச்சுருளில் அடக்கி, வேண்டியபோது திரையிற் காட்டவல்ல ஒரு மேசையைக் கற்பனை செய்து 'மெமெக்ஸ்' எனப் பெயரிட்டார். 1968ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆம் நாள் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் சுட்டியின் உதவியுடன் திரையிலே பணிபுரியும் முறையைச் சான் பிரான்சிஸ்கோ நகரிற் செய்து காட்டினார். பின்னர், கலிபோர்ணியாவின் பலோ அல்ரோ நகரிலே 1970இல் நிறுவப்பெற்ற செறொக்ஸ் ஆய்வுநிலையத்தில், 1973இல் அல்ரோ என்னுங் கணினி உருவாயிற்று. அதன் திரை ஒரு கடிதத்தாளைப் போல நிமிர்ந்து நின்றது; அகலம் 606 புள்ளிகள், உயரம் 808 புள்ளிகள். இத்துணைச் சிறிய திரையிற் பல ஏடுகளைக் காட்டுவது எங்ஙனம்? மேசைமீது தாள்கள் ஒன்றன்மேலொன்று கிடப்பதுபோலச் சாளரங்களையும் அடுக்கலாம் என அலன் கே முதலியோர் கண்டனர்.

1981இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஸ்ரார் என்னுங் கணினியிலே கோப்பு, கோப்புறை, வருகடிதக் கூடை, செல்கடிதக் கூடை ஆகியவை சிறுபடங்களாக அமைந்தன. அங்கே கோப்புகளைச் சேமிக்கும் லாச்சிகள் வேறாக இருந்தன. அவற்றினின்று எடுத்துப் பணிபுரியும் இடமே மேசைத்தளம். 1984இல் மக்கின்ரொஷ் கணினியும், 1995இல் விண்டோஸ் 95உம் இவ்வுவமையை உலகெங்கும் பரப்பின. உவமை பரவியது, ஆனால் மேசை வேறு, லாச்சி வேறு என்னும் நுட்பம் நம்மிற் பலரிடத்து வந்து சேரவில்லை.

மேசைமீது மனிதர் தாள்களைக் குவித்துவைப்பது சோம்பலின் விளைவு மட்டுமோ? 1983இல் தோமஸ் மலோன் என்பவர் அலுவலகத்தார் தம் மேசைகளை ஒழுங்குபடுத்தும் முறையை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இவ்வினாவுக்கு விடை கூறுகின்றது. மேசைமீது வைத்தல் இரு பயன் கருதியது: ஒன்று, தேடுங்காற் கண்டெடுத்தல், மற்றையது, செய்யவேண்டியதை நினைவூட்டல். 1995இல் பாரோ, நார்டி என்னும் இருவர் கணினி பயன்படுத்துவோரை ஆராய்ந்தபோதும், கோப்பை வைக்கும் இடமே நினைவூட்டும் கருவியாகப் பயன்படுதலைக் கண்டனர்.

ஆயின் மரமேசைக்கும் திரைமேசைக்கும் உள்ள வேற்றுமைகள் மறக்கற்பாலன அல்ல. மரமேசையிலே நாம் எழுதும்பொழுதும் அயலிற் கிடக்கும் தாள் கண்ணிற் படும். கணினியிலோ ஒரு சாளரம் விரிந்தவுடன் மேசைத்தளம் முழுவதும் மறைந்துவிடும். மரமேசையிற் பழைய தாள் மஞ்சளித்துத் தன் வயதைக் கூறும். திரையிலே இன்று வந்த கடிதமும் மூவாண்டுப் பழமையான நிழற்படமும் ஒரே அளவின, ஒரே நிறத்தன. மரமேசை நிரம்பினால் எழுத இடமின்றி நாமே அதனை ஒதுக்குவோம். திரைமேசை அவ்வாறு நம்மை நெருக்குவதில்லை.

இதன் விளைவு சிறிதன்று. யாம் அறிந்த ஆசிரியர் ஒருவர், பல்கலைக்கழக அனுமதி வேண்டிய மாணவி ஒருத்திக்கு எழுதத் தொடங்கிய நற்சான்றுக் கடிதத்தை, மறவாதிருக்கும் பொருட்டு மேசைத்தளத்திலே வைத்தார். அங்கே முன்னரே ஏறக்குறைய இருநூறு சிறுபடங்கள் இருந்தன. நாடோறும் அவர் கண்முன்னே இருந்த அக்கடிதம், முடிவுநாள் கழிந்த பின்னரே அவர் கருத்திற்பட்டது. யாவும் நினைவூட்ட முற்படும் இடத்தில் ஒன்றேனும் நினைவூட்டுவதில்லை.

இக்குறையை நீக்க அறிஞர் பல வழிகளை நாடினர். 1986இல் ஹென்டர்சன், கார்ட் என்னும் இருவர் 'அறைகள்' என்னும் முறையை வகுத்தனர். ஒவ்வொரு பணிக்கும் ஓர் அறை. மீண்டு வருங்கால் ஆங்குள்ளவை விட்டவாறே இருக்கும். இன்றைய கணினிகளிற் பல மேசைத்தளங்களை வைத்துக்கொள்ளும் வசதி இக்கருத்தோடு ஒத்தது. விண்டோஸ் 10 இதனை 2015இல் ஏற்றது. யேல் பல்கலைக்கழகத்து கெலர்ன்ரர், பிறீமன் ஆகியோர் இடத்தை விடுத்து, ஏடுகள் யாவற்றையும் கால ஒழுங்கில் நிறுத்தினர். 2011இல் வெளியான குனோம் 3 மேசைத்தளத்தையே வெறுமையாக்கிற்று. முன்னையது பணிகளைப் பிரித்தது. பின்னைய இரண்டும் இடத்தால் நினைவூட்டும் பயனை இழந்தன.

தேடுபொறி நொடியிற் கண்டெடுக்கும்போது ஒழுங்கு எதற்கு என வினவுவாரும் உளர். தேடுபொறி நாம் தேட நினைத்ததை மட்டுமே தரும், மறந்ததைத் தாராது. எனவே, கண்டெடுக்கும் பணியைக் கோப்புறைக்கும் தேடுபொறிக்கும் விடுத்து, நினைவூட்டும் பணி ஒன்றற்கே மேசைத்தளத்தை உரியதாக்கல் தகும் என்பது எமது துணிபு.

இதற்கு நான்கு ஒழுங்குகள் போதியன. முடிவுறாத பணிகளை மட்டும், ஒரே பார்வையில் எண்ணத்தக்க தொகையில், அங்கே வைத்தல். இன்று செய்வன இடப்புறம், பிறர் விடைக்குக் காத்திருப்பன வலப்புறம் என இடத்துக்குப் பொருள் கொடுத்தல். கற்பித்தல், ஆராய்ச்சி முதலிய பணிகளுக்கு வெவ்வேறு மேசைத்தளம் அமைத்தல். வாரந்தோறும் முடிந்தவற்றை உரிய கோப்புறைக்கு மாற்றிப் பிறிதோரிடத்தும் படியெடுத்துவைத்தல். சாளரங்கள் மேசைத்தளத்தை மறைப்பனவாதலின், நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் அவற்றை ஒதுக்கி ஒருமுறை நோக்குதலும் வேண்டும்.

பள்ளி விட்டெழும் மாணவன் தன் மேசையை ஒதுக்கிச் செல்வது, மறுநாட் பாடத்துக்கு இடம் விடுதற்கே. திரையிலுள்ள மேசைக்கும் அப்பழக்கம் பொருந்தும்.